கம்ப்யூட்டரில் நான் காலி செய்த இடம்

மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருவில் முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கியவன் நான்தான். டாக்டர் வீடு இருந்தது, பேங்க் மேனேஜர் வீடு இருந்தது. அவர்களெல்லாம் கலர் டி.வி.யோடு நின்றுவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன், செல்லூரில் ஒற்றை வாடகைத் தறியில் ஆரம்பித்து இருபத்து நான்கு விசைத்தறி போட்டவன், எண்பத்தேழில் அதைக் கொண்டுவந்து வீட்டில் இறக்கினேன். மகள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். லீவில் வந்தால் பழகிப் பார்க்க ஒன்று வேண்டும் என்றாள். அவள் கேட்டு நான் இல்லை என்றது கிடையாது.

ஆனால் அதன் முன்னால் அதிகம் உட்கார்ந்தது என் மனைவி. டி. கல்லுப்பட்டிக்காரி, எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்பிங்கும் பாஸ் பண்ணியவள். பிற்பாடு முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிக்கொண்டன. பேனா பிடிக்க முடியாது, ஒற்றை விரலால் எழுத்தைத் தட்ட முடியும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பாள். மத்தியானம் நான் சாப்பிட வரும்போது உள்அறையில் ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் கேட்கும்.

என்ன அடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மகளுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்து, நாலு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. சின்னப் பிள்ளையைப் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. நானும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். அவன் பேசியது, தின்றது, பயந்தது எல்லாவற்றையும் அவள் ஞாபகத்திலிருந்து எடுத்து எழுதினாள்.

"கொஞ்சங் கொஞ்சமா மறந்துக்கிட்டு வருதுங்க. இப்ப எழுதலேன்னா அவன் இருந்தான்னு சொல்ல ஒண்ணும் இருக்காது" என்றாள்.

நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டேன். அவனைப் பற்றி நாங்கள் பேசி இருபது வருடம் ஆகியிருந்தது.

அடுத்த வருடம் ஆயுத பூஜை வந்தது. தமிழில் அச்சடிக்கிற புரோகிராம் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பூஜையன்று என் தறி செட்டின் பேரைத் தமிழிலேயே அடித்து வாசலில் ஒட்ட வேண்டும் என்று ஆசை. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவரைக் கூப்பிட்டேன். முப்பது வயதிருக்கும், நல்ல வாய்.

"ஏத்த முடியாதுண்ணே. ஹார்டு டிஸ்க்குல இடமில்ல. இருபது எம்.பி.யும் ரொம்பிருச்சு."

"தறி செட்டுல இடம் பத்தலேன்னா பக்கத்து வீட்ட வாங்கிருவேன் மாப்ள. இதுல பக்கத்து வீடு எங்கன இருக்கு?"

"இன்னொரு டிஸ்க்கு வாங்கி மாட்டலாம். மெட்ராஸ்லருந்து வரணும், பூஜைக்குள்ள வராது. இல்லேன்னா வேண்டாதத அழிக்கணும். பாப்பா வந்து அழிக்கட்டும்ண்ணே, எது வேணும் எது வேண்டாம்னு எனக்குத் தெரியாது."

மகள் ஹாஸ்டலில் இருந்தாள். மனைவி அண்ணன் வீட்டுக்கு டி. கல்லுப்பட்டி போயிருந்தாள். இருவருக்கும் போன் போட்டிருக்கலாம். இருபத்து நான்கு தறி ஓட்டுகிறவன் இதற்கெல்லாம் ஆளைக் கேட்பதா என்று விட்டுவிட்டேன். பட்டியலை வரவழைக்க ஒன்று, அழிக்க ஒன்று என்று இரண்டு கட்டளைகளை மகள் எனக்காக அட்டையில் எழுதி வைத்திருந்தாள். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டுவேன். எண் மட்டும் நன்றாக வரும்.

எங்கள் செட்டில் பூஜைக்கு முந்திய வாரம் ஒரு வழக்கம் உண்டு. எல்லாச் சாமானையும் வெளியே எடுத்துக் கழுவுவோம். போன பூஜைக்கு அப்புறம் கைபடாதது எதுவோ, அது திரும்ப உள்ளே போகாது. அதையே கம்ப்யூட்டரிலும் செய்தேன். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் தேதி இருந்தது. மனைவி எழுதியது கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு உள்ள தேதியில்தான் இருக்கும், அதைத் தொடக் கூடாது என்று உறுதியாக நினைத்துக்கொண்டேன். எண்பத்தேழு, எண்பத்தெட்டு என்று இருந்ததையெல்லாம் விட்டேன். எண்பதாம் வருடம் என்று முப்பது நாற்பது பேர்கள் கிடந்தன. நான் வாங்குவதற்கு ஏழு வருடம் முந்தியது, கடைக்காரன் போட்டு வைத்த குப்பை என்று முதலில் அவற்றை அழித்தேன். பிறகு எண்பத்தாறு. ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. மறுநாள் ரிப்பேர்காரர் வந்து, "பரவாயில்லயேண்ணே!" என்று புரோகிராமை ஏற்றினார். என் செட்டின் பேர் தமிழில் அச்சாகி வந்ததும் தெருவில் ஒரு வீடு விடாமல் காட்டினேன்.

பூஜைக்கு முதல் நாள் மனைவி வந்தாள். உள்ளே போய் உட்கார்ந்தவள் கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள்.

"ஏங்க, புள்ளயக் காணோம்."

ரிப்பேர்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். அவர்தான் விளக்கினார். மிஷினைப் போட்டதும் அது அன்றைய தேதியைக் கேட்கும். அடிக்காமல் தாண்டினால், எண்பதாம் வருடம் ஜனவரி ஒன்று என்று தானாகவே வைத்துக்கொள்ளும். மகள் ஒழுங்காகத் தேதி அடிப்பாள். மனைவிக்கு ஒவ்வொரு எண்ணும் வலி. அந்த வலியைப் பிள்ளைக்காக மிச்சம் பிடித்துத் தேதியைத் தாண்டிவிட்டிருக்கிறாள்.

"அழிச்ச அன்னைக்கே சொல்லிருந்தா எடுத்திருக்கலாம்ண்ணே. அழிச்சா பேருதான் போகும், எழுத்து உள்ளயே கெடக்கும். அதுக்கு மேலதான் தமிழ் புரோகிராம ஏத்திட்டோம்" என்றார். அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் தேறவில்லை.

இன்னொரு டிஸ்க் வாங்கினேன். நாற்பது எம்.பி., முன்னதைப் போல இரண்டு மடங்கு. மதுரையில் எத்தனை வீட்டில் இருந்திருக்கும்?

"இப்ப எம்புட்டு வேணும்னாலும் எழுதலாம்" என்றேன்.

"எழுதுனது எதுன்னே ஞாபகமில்ல. எழுதியாச்சேன்னு மனசு விட்டுருச்சு" என்றாள்.

ஒரு மாதம் அவள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு நாள் அவளே மிஷினைப் போட்டு என்னைக் கூப்பிட்டாள். தேதியை ஒவ்வொரு எண்ணாக அடித்தாள்.

"காலையில தறிக்குப் போறப்ப அவனத் தூக்கிட்டுப் போவீகல்ல? அங்கன அவன் என்ன செய்வான்? அது எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

யோசித்தேன். அவனைத் தூக்கிக்கொண்டு போன அந்த வருடம் வாடகைத் தறியை விட்டுச் சொந்தத் தறி போட்டது ஞாபகம் இருந்தது. எந்த ஊர் நூல், சேலைக்கு என்ன கரை, யாரெல்லாம் என்னை ஏளனமாகப் பேசினார்கள், எல்லாம் அப்படியே இருந்தது. பையனை நூல் மூட்டை மேல் உட்கார வைப்பேன். அதற்கப்புறம் வீட்டுக்குக் கிளம்பும்போது தூக்குவேன். நடுவில் அவனை நான் பார்க்கவில்லை.

"தறிச் சத்தத்துக்குப் பயப்படவே மாட்டான். என்னைய மாதிரி" என்றேன்.

"நெசமாவா?"

நான் திரையில் அவள் அடித்த தேதியைப் பார்த்தேன். விரலை எழுத்துக்கு மேலேயே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு ஒன்றும் அடிக்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.