கோஸ் கூடாத கல்யாணம்

கல்யாணச் சமையல் என்பது, அடுத்தவர் வீட்டு மானத்தை நம் அடுப்பில் ஏற்றி வைத்துவிட்டு, அது அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்கிற வேலை. கரண்டி பிடித்தவர்களுக்கு இது தெரியும். பிடிக்காதவர்களும் ஒரு கல்யாணமாவது எடுத்து நடத்தியிருந்தால் நம் கட்சிதான்.

தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம், அப்புறம் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்று என்னைப் படிக்க வைத்த அப்பா, நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிராணியாக உட்கார்ந்து கணக்கு எழுதுவேன் என்று நினைத்தார். நான் ஈப்போவுக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடையில் சமையல் கற்றுக்கொண்டு, எழுபதுகளில் முப்பது வயதைத் தாண்டியபின் கேமரன் மலைக்குத் திரும்பி வந்தேன். இப்போது ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறேன். என் பந்தியில் இதுவரை யாரும் அரைவயிற்றோடு எழுந்ததில்லை.

பருப்பு

மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். ஆனால் அந்தக் கொதிப்பில் சூடு குறைவு. கீழேயிருந்து கூட்டி வந்த சமையல்காரர்கள் இதை அறியாமல், கல் போன்ற பருப்பில் சாம்பார் வைத்துப் பேரைக் கெடுத்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். நான் இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்தவன். ஆகவே திரும்பி வந்து எடுத்த முதல் கல்யாணத்தில் பருப்பை முன்கூட்டியே ஊற வைத்து, விடியுமுன் அடுப்பில் ஏற்றிவிட்டேன். காய் நறுக்க வந்த பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பந்தியில் சாம்பார் வெண்ணெயாய் இறங்கியது. காய் நறுக்கிய செல்லம்மா அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "படிச்ச புள்ள பருப்ப வேக வச்சிருச்சு. இனிமே கிராணி வேலைக்கு லாயக்கில்ல லா!"

எத்தனை பேர்?

எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால் எந்தக் கல்யாண வீட்டாரும் உண்மையைச் சொல்வதில்லை. பொய் சொல்ல வேண்டுமென்று இல்லை, கூச்சம். நானும் அவர்களைக் கேட்பதை விட்டுவிட்டேன். விருந்தாளிகளை ஏற்றி வரும் தோட்டத்து லாரி டிரைவரைத்தான் கேட்பேன். ஒருமுறை மாமியார் வீட்டு விசேஷத்துக்கே அவரிடம் விசாரிக்கப் போனேன். ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "வீட்டு ஆளுங்க மட்டும்னு சொன்னா ரெண்டு லாரி. சும்மா கொஞ்சம் பேருன்னா மூணு லாரி. யாரையும் கூப்பிடலன்னு சொன்னாங்கன்னு வையி, என்னால அன்னிக்கு வீட்டுக்கே போக முடியாது!"

பாக்கியம் அக்கா கேட்டது

பாக்கியம் அக்கா கொழுந்து பறிப்பவர். புருஷன் போனபின் ஒற்றை ஆளாய் வளர்த்த ஒரே மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டம்.

முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ் போடலாம், எல்லாம் பக்கத்திலேயே விளைகிறது என்றேன். அக்கா பதறிவிட்டார். "வீட்டுக்குப் பின்னால வெளையறதப் பறிச்சுப் போட்டு ஒப்பேத்திட்டான்னு பேசுவாங்க தம்பி. அந்தப் பேச்ச எம்பொண்ணுல்ல அங்க காலம்பூரா கேக்கணும்?" முருங்கைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய் எல்லாம் மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து லாரியில் வரவேண்டும் என்று முடிவாயிற்று. இந்த மலேசிய நாட்டுக்கே காய்கறி அனுப்புகிற மலையில் உட்கார்ந்துகொண்டு, காய்கறிக்குக் கீழே ஆள் அனுப்புகிறோம். மழைக்காலம், ரோட்டை நம்ப முடியாது, கொஞ்சம் உள்ளூர்க் காயும் கைவசம் இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

அக்கா என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தபோது சொன்னார்: "என்ன வேணா செய்யி தம்பி, கோஸ மட்டும் எங்கண்ணுல காட்டிராத!"

மண்சரிவு

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அவர்கள் வந்த கொஞ்ச நேரத்தில், பின்னாலேயே ரோட்டில் மண் சரிந்தது. காய்கறி லாரி கீழேயே நின்றுவிட்டது. அக்கா தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் மறுபக்கம் யோசித்தேன். லாரி மேலே வர முடியாதென்றால், கீழே போகவும் முடியாதல்லவா? திரிங்காப்பில் தோட்டம் போட்டிருக்கும் முனியாண்டி அண்ணனைத் தேடி மோட்டார் சைக்கிளில் போனேன். நினைத்தபடியே, ஈப்போ மார்க்கெட்டுக்குக் கட்டி வைத்த கோஸும் கேரட்டும் முள்ளங்கியும் ரோட்டோரத்தில் கூடைகூடையாகக் காத்துக் கிடந்தன. கோஸின் மேலிலையில் இன்னும் ஈரம் காயவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் ஒரு கூடையைத் தூக்கி என் பக்கம் வைத்தார்: "கீழ போக முடியாத காயி, மேலயே ஒரு கல்யாணம் பாக்கட்டுமே. எடுத்துட்டுப் போ லா!"

பந்தி

முள்ளங்கிச் சாம்பார், தேங்காய் தூவிய கோஸ் பொரியல், பீன்ஸ் கூட்டு, தக்காளி ரசம். மாப்பிள்ளை வீட்டார் இலையில் உட்கார்ந்ததும் பாக்கியம் அக்கா ஒவ்வொரு இலையாகப் போய் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். நான் மறித்தேன். "அக்கா, மன்னிப்புக் கேட்டுக்கிட்டே பரிமாறினா பாயசமும் கசக்கும். நெய்ய எடுத்துட்டுப் போங்க. கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க."

மாப்பிள்ளையின் அப்பா கோஸைப் பிசையாமல் தனியாக எடுத்து வாயில் போட்டார். மென்றார். அக்கா நெய்க்கிண்ணத்தோடு அடுத்த இலைக்கு நகராமல் நின்றது எனக்கு அடுப்படியிலிருந்தே தெரிந்தது. அவர் நிமிர்ந்து, "சம்பந்தியம்மா, இது எங்க ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள வாடி வதங்கிப் போயிருது. இவ்வளவு இனிப்பா இருக்கும்னே தெரியாது லா. நீங்க தெனமும் இதத்தான் சாப்பிடுறீங்களா?" என்றார். இலையில் இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லிக் கையும் காட்டினார்.

அக்கா என்னைப் பார்த்தார். அப்புறம் முதுகை நிமிர்த்திக்கொண்டு, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஆமாண்ணே, எங்களுக்கு இது தெனப்படிதான். எம்மக இத சாப்பிட்டு வளந்தவ. நீங்கதான் அங்க அவளுக்கு வாடுன காயப் போட்டுராம பாத்துக்கணும்!"

விவரமான சமையல்காரன் என்று இந்த மலையில் எனக்கொரு பெயர் உண்டு. அதில் பாதி உப்பால் வந்தது, மீதி மண்சரிவால்.