அப்பாவின் வலது கால்

எங்கள் கோயிலில் பெரிய வியாழனன்று சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். சேசு தன் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து நடக்கிற சடங்கு. அந்தப் பன்னிரண்டு பேரின் காலையும் முந்தின நாளே தேய்த்துக் கழுவிவிடுவார்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. புதன்கிழமை சாயங்காலம் கோயிலை ஒட்டின சபை வீட்டில் நாவிதர் ஒருவர் வந்து உட்காருவார். நகம் வெட்டி, குதிகாலைச் செங்கல் துண்டால் தேய்த்து, எலுமிச்சம்பழம் பூசிக் கழுவி, பவுடர் போட்டு அனுப்புவார். மறுநாள் சாமியார் வெள்ளித் தாம்பாளத்தில் வைத்துக் கழுவுவது அந்தக் கழுவின காலைத்தான். சின்னப் பிள்ளையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டு நாற்காலியும் பன்னிரண்டு வீடுகளுக்குச் சொந்தம். அப்பன் போனால் மகன் உட்காருவான். சேசு உட்கார்த்தி வைத்தது மீன்பிடிக்கிறவர்களை. எங்கள் கோயில் நாற்காலியில் கடலுக்குப் போகிற ஒருவரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இதற்கெல்லாம் காவல், கோயில் காரியங்களைப் பார்க்கிற சபையின் தலைவர். கயிறும் நங்கூரச் சங்கிலியும் விற்கும் கடைக்காரர். பூசை நேரத்தில் அவர் கண் பீடத்தில் நிற்காது. எந்த மெழுகுதிரி சாய்ந்திருக்கிறது, எவள் முக்காடு நழுவியிருக்கிறது என்று சுற்றிக்கொண்டே இருக்கும். யாராவது ஒரு பெஞ்சை நகர்த்திவிட்டால் போதும், "எங்க பாட்டையா காலத்துல இப்படியா இருந்துச்சு?" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் பாட்டையாவை சர்வேசுரனுக்கு ஒரு படி மேலே வைத்திருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

என் அப்பா சங்கு குளிப்பவர். முத்துக்குளிப்பு நின்றுபோன பிறகும் எங்கள் தெருக்காரர்களுக்குச் சங்கு இருந்தது. கயிற்றில் கட்டின கல்லில் வலது காலை ஊன்றி, கயிற்றைக் கால் விரல்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இறங்குவார்கள். நான் பிறப்பதற்கு முந்தி ஒருநாள், அடியில் அந்தக் கயிறு அப்பா காலைச் சுற்றிக்கொண்டது. மேலே இருந்தவர் இழுக்க, இவர் கீழே கிடந்து உதற, கடைசியில் கட்டைவிரலுக்கு அடுத்த விரல் போயிற்று, ஆள் மேலே வந்தார். அந்த இடத்தில் ஒரு குழி. சுற்றிலும் தோல் கறுத்துத் தடித்து, பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். எனக்கு அது பயமில்லை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தக் காலால்.

அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்த வியாழக்கிழமை சாமியார் சேசுவின் இடத்தில் நிற்கிறார் என்று அவர் முழுசாக நம்பினார். "நான் செத்திருக்கணும். இந்தக் காலைப் பிடிச்சுத் தூக்கிவிட்டது அவருதான். அவரு கையால ஒரு சொட்டுத் தண்ணி இதுல படணும்" என்று அம்மாவிடம் சொல்வார். கேட்பதற்கு யாருமில்லாத ஆசை. ஆனாலும் வருசா வருசம் சொல்வார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருசம், ஒரு நாற்காலி காலியாயிற்று. அந்த வீட்டுக்காரர்கள் கொழும்புக்கே போய்விட்டார்கள். புதிதாக வந்திருந்த இளஞ்சாமியார், கடலுக்குப் போகிறவர் ஒருவர் உட்காரட்டும் என்று பூசையிலேயே சொல்லி, அப்பா பெயரையும் சொன்னார். அம்மா முக்காட்டுக்குள் அழுதாள். அப்பா அந்தத் தவக்காலம் முழுக்க ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தார். பீடியைத் தொடவில்லை. பழைய சண்டைக்காரன் ஒருவன் வீட்டுக்குப் போய் அவராகவே பேசிவிட்டு வந்தார். மற்ற பதினொரு பேரும் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நாவிதருக்குச் சொல்லியனுப்பியிருப்பார்கள்.

புதன்கிழமை அப்பாவோடு மகள் நானும் சபை வீட்டுக்குப் போனேன். அப்போது நான் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பெரிய மனுசர்கள் நடுவில் தனியாகப் போக அப்பாவுக்குக் கூச்சம். நாவிதர் அப்பா காலைப் பார்த்துவிட்டு, செங்கல்லைக் கீழே வைத்து, தலைவரைப் பார்த்தார். தலைவர் எழுந்து வந்து குனிந்தார். கெட்டுப்போன மீனைப் பார்க்கிற மூஞ்சியோடு நிமிர்ந்தார்.

"இது என்ன காலு வே? இதையா வெள்ளித் தாம்பாளத்துல வைக்கப் போறீரு? சாமியார் குனிஞ்சு முத்தங் குடுக்கணும்லா, அவருக்குக் குமட்டாதா?"

உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சரி, சாமியார் பேரைச் சொல்லிட்டாரு. ஒண்ணு செய்யும். வெள்ளைக் காலுறை வாங்கிப் போட்டுட்டு வாரும். அதுக்கு மேல ரெண்டு சொட்டுத் தெளிச்சுக்கிடட்டும். யாருக்குத் தெரியப் போவுது?"

அப்பா மெதுவாகக் கேட்டார். "தண்ணி கால்ல படணும்னுதான அண்ணாச்சி வாரேன். துணியில பட்டா எனக்கு என்ன?"

"படணும் படாதுங்கதெல்லாம் நீரு பேசப்பிடாது. நூறு வருசமா ஒரு முறை இருக்கு. இஷ்டம்னா இரும், இல்லைன்னா எந்திரியும்."

அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தெருமுனை வரைக்கும் நடந்தோம். அங்கே நின்று, "உன் அம்மைட்ட நானே சொல்லுதேன், நீ வாயத் திறக்காத" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் அப்பா அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் அந்த நாற்காலியில் தலைவரின் மருமகன் உட்கார்ந்திருந்தான். மாவில் புரட்டியெடுத்த மாதிரி காலெல்லாம் பவுடர். சாமியாரிடம், அப்பாவாகவே விலகிக்கொண்டார் என்று சொல்லியிருந்தார்கள். சாமியார் இடுப்பில் துண்டு கட்டி மண்டியிட்டு, வெள்ளைவெளேரென்ற கால்களில் தண்ணீர் ஊற்ற ஊற்ற, தாம்பாளத்துத் தண்ணீரில் ஒரு துளி அழுக்கு இறங்கவில்லை. அதைக் கண்ணால் பார்த்தேன். அப்பா கடைசியில், கதவோரம் தீர்த்தத் தொட்டிப் பக்கம் முட்டுப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்தக் கோயிலில் அந்த நேரத்தில் செபம் செய்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். பூசை முடிந்து வெளியே வரும்போது தலைவருக்குக் கைகூப்பித் தோத்திரம் வேறு சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சாமியாரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். வருத்தப்பட்டார். அடுத்த வருசம் கட்டாயம் பார்ப்போம் என்றார். அடுத்த வருசத்துக்குள் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றலுக்கு யார் எழுதிப்போட்டிருப்பார்கள் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து நான் தலைவருக்குத் தோத்திரம் சொல்வதை நிறுத்தினேன். எதிரே வந்தால் நேராக அவர் காலைப் பார்ப்பேன். செருப்புக்குள் கிடக்கும் அந்த வெளுத்த காலை அவர் கடந்து போகும்வரை பார்ப்பேன். இரண்டொரு தடவைக்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போக ஆரம்பித்தார். அது எனக்குப் போதவில்லை. மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றி வைத்து, அவர் கால் அழுக வேண்டும், புழு வைக்க வேண்டும் என்று வாய்விட்டே கேட்டேன். அம்மா பின்னாலிருந்து கேட்டுவிட்டாள்.

"ஏளா, மாதாகிட்டப் போயா சாபம் போடுத? உங்க அப்பாவே விட்டுட்டாரு, உனக்கு என்னளா?"

"அவரு விடட்டும். நான் விடல."

மாதா என் பேச்சைக் கேட்கவில்லை. தலைவர் கால் நன்றாகவே இருந்தது. என் அப்பாவின் நெஞ்சுதான் கெட்டது. சங்கு குளித்துக் குளித்து நைந்த நெஞ்சு, ஒரு மழைக்காலத்துச் சளியைத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மத்தியானமே போய்விட்டார். கேட்ட ஒரு சொட்டுத் தண்ணீர் கடைசிவரை அவர் காலில் விழவில்லை.

சபையில் பெயர் உள்ளவர் இறந்தால் சபையிலிருந்து ஒரு பொட்டலம் வரும். பெட்டிக்குள் போர்த்த வெள்ளைத் துணி, மெழுகுதிரி, கையுறை, காலுறை. எங்கள் பக்கம் இறந்தவர்களைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் உடுத்திப் பெட்டியில் வைப்பார்கள். அழுதுகொண்டே பொட்டலத்தைப் பிரித்தேன். மேலேயே இருந்தது, வெள்ளைக் காலுறை. அழுகை நின்றுவிட்டது.

அந்த நிமிசம் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் கோயிலில் இன்னொரு வழக்கம் உண்டு. சாமியார் பெட்டியில் தீர்த்தம் தெளித்த பிறகு, சபைத் தலைவர் கால்மாட்டில் வந்து நின்று தெளிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வீட்டு ஆட்கள். தலைவர் ஊரில் இருந்தால் அவரே வர வேண்டும், ஆளை அனுப்பக் கூடாது. அவர் பாட்டையா காலத்திலிருந்து அப்படித்தான். வழக்கம் வழக்கம் என்று என் அப்பாவை எழுப்பிவிட்டவர் இந்த வழக்கத்திலிருந்து எப்படித் தப்புவார்?

காலுறையை மடித்து அடுப்பில் போட்டேன். அப்பா காலை நானே கழுவினேன். செங்கல் இல்லை, பவுடர் இல்லை. வெறும் தண்ணீர். அம்மா பதறினாள்.

"ஏளா, காலை மூடாமக் கொண்டுபோனா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு பாக்கட்டும்மா. அதுக்குத்தான்."

கோயிலில் பெட்டியைக் கால் பீடத்தைப் பார்க்க வைத்தார்கள். நான் வெள்ளைத் துணியைக் கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டேன். எங்கள் தெரு ஆண்கள் பார்த்தார்கள். புதன்கிழமை கதை எல்லாருக்கும் தெரியும். யாரும் துணியை இழுத்துவிடவில்லை.

வயசான சாமியார் ஒருவர் செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டு, தெளிக்கிற கோலைத் தலைவர் கையில் கொடுத்தார். தலைவர் வந்து நின்றார். குனிந்து பார்த்தார். முகம் மாறிற்று. உதட்டை அசைக்காமல், "மூடு பிள்ளே" என்றார்.

"மூட மாட்டேன். தெளிக்கது உங்க முறை. தெளிங்க."

மெதுவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். குரல் கோயில் முழுக்கக் கேட்டது. அவர் அவசரமாக ஒரு வீசு வீசினார். தண்ணீர் அப்பாவின் முழங்கால் பக்கம் துணியில் விழுந்தது.

"துணியில பட்டா எங்க அப்பாவுக்கு என்ன? கால்ல படல. இன்னொரு தடவ தெளிங்க."

அவர் சாமியாரைப் பார்த்தார். சாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை, தெளியுங்கள் என்று தலையசைத்தார். தன் சபைக்காரர்களைப் பார்த்தார். அன்று சபை வீட்டில் சிரித்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். நூறு வருசத்து முறையை எல்லார் முன்னாலும் மீற அவருக்குத் தைரியம் இல்லை. அந்தக் காலுக்கு நேரே குனிந்தார். கெட்டுப்போன மீனைப் பார்த்த அதே மூஞ்சி அந்தக் காலுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. நான் அதை ஆசைதீரப் பார்த்தேன்.

இப்போது மில்லர்புரத்தில் என் மகன் வீட்டில் இருக்கிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. சேசுவின் கையால் விழ வேண்டும் என்று என் அப்பா கேட்டது, அந்த ஆளின் கையால் விழுந்தது. அது அப்பாவுக்குப் போதுமா என்று எனக்குத் தெரியாது. எனக்குப் போதும்.

அன்று அவர் தெளித்த தண்ணீர், விரல் இல்லாத அந்தக் குழியில் விழுந்து தேங்கி நின்றது. பெட்டியை மூட வந்தவர் துண்டை எடுத்தார். துடைக்க வேண்டாம், அப்படியே மூடுங்கள் என்றேன்.