லேபிளில் பெயர் இல்லாத குரல்

இங்கிலாந்தின் மோர்கேம் நகரத்து பஸ் கண்டக்டர் கிளிஃபோர்ட் ரிம்மரின் காதல் வாழ்க்கை மொத்தம் மூன்று நிமிடம் பத்து வினாடி நீளம்; ஒரு பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம். அதில் முதல் ஒரு நிமிடத்தைச் சாக்ஸஃபோன்காரர்கள் தின்றுவிடுவார்கள். பிறகுதான் அவள் பாட வருவாள்.

அந்தக் காலத்து நடனக் குழு இசைத்தட்டுகளில் பாடுகிறவரை யாரும் பொருட்படுத்தவில்லை. லேபிளில் குழுத்தலைவர் பெயர் கொட்டை எழுத்தில். கீழே பொடி எழுத்தில் ‘குரலுடன்’. பொரித்த மீனுக்குப் ‘பட்டாணியுடன்’ என்று எழுதுவார்களே, அந்த மாதிரி. தன்னை ஆட அழைக்காமல் போன ஒருவனை நினைத்து அவள் பாடுவாள். கிளிஃபோர்ட் முப்பத்தொரு ஆண்டுகளாக அழைக்கத் தயாராக இருந்தார். பெயர்தான் தெரியவில்லை. தெரிந்தால் கடிதம் எழுதலாம். இறந்திருந்தால் பூவாவது வைக்கலாம். ரொட்டிக்கடை ஹில்டா அவருக்காக நான்கு வருடம் காத்திருந்து, தபால்காரரைக் கட்டிக்கொண்டாள். ஹில்டாவிடம் குறை ஒன்றுமில்லை. பேசும்போது பின்னால் வயலின் வரவில்லை, அவ்வளவே.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் கிராமஃபோன் சங்கம் தேவாலயக் கூடத்தில் கூடியது. செயலாளர் ஈனிட் த்வெய்ட் அம்மாள் கையில் லண்டனிலிருந்து வந்த கடிதம். பழைய ஒலிப்பதிவுப் பதிவேடுகளை வைத்திருக்கும் ஒருவர் எழுதியது.

“உக்காருங்க கிளிஃபோர்ட் கண்ணு. பேரு கிடைச்சிருச்சு.”

கிளிஃபோர்ட் உட்காரவில்லை. தலையை வாரிக்கொண்டார். “சொல்லுங்க.”

“செட்ரிக் ஸ்பர்லிங்.”

“அவங்க புருஷன் பேரா?”

“இல்ல கண்ணு. பாடினவரு பேரு.”

கிளிஃபோர்ட் சீப்பைக் கீழே வைத்தார்.

“அவன், அவன்னு உருகுதே அந்தப் பாட்டு?”

“பொம்பளைக்கு எழுதின பாட்டை ஆம்பளை பாடினாலும் ஒரு எழுத்தை மாத்த விடமாட்டாங்க பதிப்பாளருங்க. போன வருஷம் நீங்கதானே இங்க நின்னு அதைப் பத்தி முக்கால் மணி நேரம் பேசினீங்க.”

“குரலு?”

“உங்க மெஷின் வேகமா ஓடுதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன். வேகமா ஓடினா ஆம்பளை குரலும் பொம்பளை குரலாத்தான் கேக்கும்.”

ஈனிட் சங்கத்தின் மெஷினில், சரியான வேகத்தில், தட்டைச் சுழலவிட்டார். சாக்ஸஃபோன்கள் ஓய்ந்தன. லேசாகச் சளி பிடித்த ஒரு வாலிபன் பாடினான். கடைசி வரிக்கு முன்னால் ஒரு மூச்சு உண்டு. கிளிஃபோர்ட் முப்பத்தொரு ஆண்டுகள் கூடவே இழுத்துவிட்ட மூச்சு. அது அப்படியே, அதே இடத்தில் வந்தது. அவரும் இழுத்தார். விடத்தான் நேரமாயிற்று.

பஸ் டிப்போவில் அவருடைய மேலதிகாரியாக இருந்த ஆல்ஃப் பின்வரிசையிலிருந்து கேட்டார்: “ஏம்ப்பா கிளிஃப், ஹில்டாகிட்ட சொல்லி அனுப்பட்டுமா? தபால்காரர் செத்து ரெண்டு வருஷமாச்சு. அவ எந்த வேகத்துல ஓடினாலும் பொம்பளைதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். கிளிஃபோர்டும் மரியாதைக்குக் கொஞ்சம் சிரித்தார். பிறகு ஈனிட்டின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பதிவேட்டுல... செட்ரிக்குக்குத் தங்கச்சி யாராவது இருந்தாங்களான்னு போட்டிருக்கா?”

ஈனிட் சிரிக்கவில்லை. லண்டனுக்கு இன்னொரு கடிதம் எழுதக் காகிதம் எடுத்தார்.