தயிர்சாதத்தில் வளர்ந்த கிரேட் டேன்

எண்பதுகளில், பம்பாய் செம்பூரில், அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை. உட்கார்ந்தால் அவன் வால் வந்து காபி டம்ளரைத் தட்டிவிடும். நாம் எழுந்தால் அவனும் எழுவான். அவன் எழுந்துவிட்டால் ஹாலில் மற்றவர்களுக்கு இடமில்லை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதில் அப்பா, அம்மா, கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த நான், அப்புறம் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு கிரேட் டேன் நாய்.

அப்பாவின் மேலதிகாரி வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போகும்போது கொடுத்த குட்டி. அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அவனுக்கு ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. அம்மா "டேய்" என்று மட்டும்தான் கூப்பிடுவாள். சமையலறைப் பக்கம் வரக்கூடாது, குளித்து மடியாக இருக்கும்போது தன்னைத் தொடக்கூடாது என்று அவள் அதட்டி வைத்திருந்தாள். இரண்டுக்கும் கட்டுப்பட்டான். பதிலுக்கு அவனும் ஒரு சட்டம் போட்டான்: அம்மா கையால் பிசைந்து வைத்தால்தான் சாப்பிடுவான்.

பிசைந்து வைப்பது தயிர்சாதம்தான். முட்டைகூட நுழையாத வீட்டில் வேறென்ன கிடைக்கும்? சைவ நாய் என்று கட்டடம் முழுக்கப் பெயர் வாங்கியதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் வேறு. உயரம் கிடுகிடுவென்று ஏறியது. முன்னங்கால்கள் வளைய ஆரம்பித்ததை நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் மாடிப்படி அடியிலேயே படுத்துவிட்டான். அதற்குப் பிறகு அவனைப் பெட்ஷீட்டில் போட்டு நானும் அப்பாவும் ஏற்றி இறக்கினோம்.

மிருக டாக்டர் ஹிந்தியில் திட்டித் தீர்த்தார். இந்த உடம்பைச் சோற்றில் வளர்க்க முடியுமா, மருந்தோடு கறியும் கொடுக்காவிட்டால் இனி எழுந்தே நிற்கமாட்டான் என்றார்.

வீட்டுக்குள் கறி வராது என்று அப்பா முடித்துவிட்டார். ஊருக்கு வெளியே பன்வெல் பக்கம் பண்ணை வைத்திருந்த ஒருவரிடம் அவனைக் கொடுத்துவிடப் பேசி, ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். நடக்க முடியாதவனை அங்கே யார் தூக்கி இறக்கிப் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் சண்டை போட்டேன். அம்மா என் பக்கமும் சேரவில்லை, அப்பா பக்கமும் சேரவில்லை. ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். எனக்கு அவள் மேலும் எரிச்சல் வந்தது.

வாட்ச்மேனிடம் கெஞ்சி, கீழே அவருடைய ஸ்டவ்வில் கொஞ்சம் கறி வேகவைக்கச் சொன்னேன். சனிக்கிழமை காலை அவனைக் கீழே இறக்கியதும், அப்பா மேலே போகும்வரை காத்திருந்து, தட்டை முன்னால் வைத்தேன். முகர்ந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் ஊட்டிப் பார்த்தேன், வாட்ச்மேன் ஊட்டிப் பார்த்தார். அவன் மூன்றாவது மாடியையே பார்த்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அம்மா பால்கனியில் நின்றிருந்தாள். சட்டென்று உள்ளே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில், காலையில் குளித்து மடியாக இருந்த அதே ஈரத் தலையோடு, தயிர்சாதக் கிண்ணத்துடன் கீழே வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். சாதத்தைக் கறித் தட்டில் கவிழ்த்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை உள்ளே விட்டுப் பிசைந்தாள்.

"டேய், சாப்பிடு."

சாப்பிட்டான். தட்டை முடித்துவிட்டு அவள் கையையும் முழங்கைவரை நக்கினான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவனை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு நாங்கள் மேலே போனபோது அப்பா பேப்பரோடு வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். குளிக்காமல் எதையும் தொடாதே என்றார்.

அம்மா அந்தக் கையைத் தள்ளிப் பிடித்தபடி அவரைக் கடந்து உள்ளே நுழைந்தாள்.

"குளிக்கறேன். இனிமே தெனமும் ரெண்டு தடவை குளிச்சுக்கறேன். நாளைக்கு வண்டி வேண்டாம்னு சொல்லிடுங்கோ."

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.