தின்ற அரிசியைத் திருப்பிக் கேட்டார்கள்

எங்கள் வீட்டில் எந்நேரமும் அடுத்தவர் சொத்து கிடக்கும். முதலாளி தந்த பட்டு நூலும் ஜரிகையும் அலமாரியில் இருக்கும், பாதி நெய்த கல்யாணச் சேலை தறியில் இருக்கும். எடை பார்த்துத் தருவார், நெய்து கொண்டுபோனால் எடை பார்த்து வாங்கிக்கொள்வார். கூலி மட்டும்தான் எங்களுடையது. என் கழுத்திலும் காதிலும் கிடப்பதைப்போலப் பல மடங்கு விலை பெறும் பொருளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிப் பழகியவர்கள் நாங்கள்.

அதனால்தான் முதலாளி என் பேங்க் கணக்கைக் கேட்டபோது அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இப்போது நெசவாளியிடமே நேராக வாங்க ஆசை. முதலாளி வந்து, என் கணவர் தறியில் உட்கார்ந்திருப்பதையும், கரை சேர்க்க எதிர்ப்பக்கம் நான் ஊடை நூல் கோத்த நாடாவைத் தள்ளுவதையும் படம் பிடித்துப் போனில் போட்டார். கீழே என் நம்பர்.

"பணம் உன் கணக்குல வந்துடும்மா. எடுத்தாந்து குடுத்துடு. நேரா நெசவாளிக்கே குடுத்தோம்னு அவங்களுக்கு ஒரு திருப்தி, அவ்ளோதான்" என்றார்.

சேலையின் முழு விலையும் என் கணக்கில் விழும். அதை எடுத்துக்கொண்டுபோய் அவர் கடையில் வைப்பேன், வழக்கமான கூலியைத் தருவார். ஜரிகையே வீட்டில் கிடக்கிறது, பணம் ஒரு ராத்திரி கணக்கில் கிடந்தால் என்ன?

எங்களுடையது முப்பத்தைந்து கிலோ அரிசி அட்டை. பரம ஏழைகளுக்கு என்று தருவது. மாமனார் கை கால் விழுந்து படுத்த வருஷம் கிடைத்தது. தறிக்குழியில் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோகும் ஐப்பசி, கார்த்திகையில் அந்த அரிசிதான் எங்களைக் காப்பாற்றும்.

போன வருஷம் தாலுகா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. என் கணக்கில் வந்துபோன பணத்தைப் பார்த்தால் நாங்கள் ஏழைகளே இல்லையாம். தகுதியில்லாமல் வாங்கிய அரிசிக்கு வெளிச்சந்தை விலையில் பணம் கட்ட வேண்டும், இனி எங்களுக்கு அரிசி கிடைக்காத சர்க்கரை அட்டைதான் என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தின்று செரித்த சோற்றை எங்கேயிருந்து எடுத்துத் தருவது?

ஆபீஸில் இருந்த மேடம் நல்ல மாதிரிதான். திட்டித் தீர்க்கலாம் என்று போன எனக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

"மேடம், அது எங்க பணமே இல்ல. வந்த மறுநாளே எடுத்துக் குடுத்துடுவேன்."

"நீங்க சொல்றதை நம்புறேன்மா. பணம் யாருதோ அவரை ஒரு லெட்டர் எழுதித் தரச் சொல்லுங்க. நான் இதை நிறுத்தி வெக்கிறேன்."

அவ்வளவுதானா என்று துள்ளிக்கொண்டு, என் கணவரையும் கூட்டிக்கொண்டு முதலாளி கடைக்குப் போனேன். உட்காரச் சொன்னார், டீ வாங்கித் தந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு என் கணவரைத்தான் பார்த்தார்.

"லெட்டர் குடுத்தா நாளைக்கே வரிக்காரன் என் கடை வாசல்ல வந்து நிப்பான்பா. உனக்கு அடுத்த பாவு வேற ரெடியா வெச்சிருக்கேன்."

தறியில் ஏற்றும் பாவு நூல் இல்லையென்றால் தறி இல்லை. என் கணவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, உங்க பணத்துல ஒரு ரூபா தொட்டது இல்ல நாங்க" என்றேன்.

"தெரியும்மா. அதுக்குத்தான உன் கணக்கைக் கேட்டேன்? வேற யாரை நம்புறது?"

வீடு திரும்பும் செவிலிமேடு பஸ்ஸில் ஊரே கேட்க என் கணவரைத் திட்டினேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்றுகூடக் கேட்டுவிட்டேன். இறங்கி நடக்கும்போதுதான் அவர் பேசினார்.

"லெட்டரு வாங்கினா அரிசி இருக்கும், தறி இருக்காது. வாங்கலன்னா தறி இருக்கும், அரிசி இருக்காது. எது வேணும் சொல்லு, போய்ச் சண்டை போடறேன்."

லெட்டர் கேட்டு மறுபடியும் நான் அந்தக் கடைக்குப் போகவில்லை.

ஆபீஸுக்கு முதலாளியே பணம் கட்டினார். சேலைக்குச் சேலை கூலியில் கழித்துக்கொள்கிறார். அரிசி கடையில் விலைக்கு வாங்குகிறோம். இனிமேல் என் கணக்கு வேண்டாம் என்று அவரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"அட்டைதான் போயிடுச்சே, இனிமே உனக்கு என்னம்மா பயம்?" என்றார். நிஜமாகவே ஆறுதல் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

போன வாரம் ஒரு அரக்குச் சேலையைத் தறியிலிருந்து அறுத்து, மூலையில் குங்குமம் வைத்து அனுப்பினோம். பணம் வந்தது. எடுத்து மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு முதலாளி கடையில் நிற்கும்போது போன் அடித்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா.

"புடவை அவ்வளவு அழகா இருக்கும்மா. கடைக்காரன் கையில போகாம முழுப் பணமும் உங்களுக்கே வந்து சேர்ந்துச்சே, அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்."

"சந்தோஷம்மா. பொண்ணு நல்லா இருக்கணும்" என்றேன்.

போனை வைப்பதற்குள் முதலாளி எண்ணி முடித்திருந்தார். அரிசிக்கு உண்டானதைக் கழித்துக்கொண்டு, மிச்சக் கூலியை என் கையில் வைத்தார்.