பூக்கட்டிக் கேட்டதில் நான் செய்த கள்ளாட்டம்

நம் ஆத்தாளைக் கும்பிடுகிற எல்லோருக்கும் வணக்கம். அவள் எனக்குச் செய்ததைச் சொல்வதற்கு முன்னால், நான் அவளுக்குச் செய்ததைச் சொல்ல வேண்டும். அதுதான் வெட்கக்கேடு.

நான் டவுன் பஸ் கண்டக்டர். செல்லூரில் குடியிருப்பு. நாள் முழுக்க ஐம்பது அறுபது பேர் என்னை இடித்துக்கொண்டு நிற்பார்கள். "உள்ள போங்கண்ணே, பொண்ணு பாக்கவா கூப்பிடுறேன், இம்புட்டு வெக்கப்படுறீக?" என்று கத்துவேன். பஸ்ஸே சிரிக்கும். டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் சிரிக்க ஒரே ஒரு ஆள், என் மகள் சாந்தி. அவள் அம்மா மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது.

எண்பத்திரண்டில் சாந்தி பிளஸ் டூ முடித்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆசிரியர் பயிற்சிக்கு இரண்டு இடத்தில் மனுப் போட்டோம். இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது. ஒன்று மதுரையிலேயே, அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். வீட்டிலிருந்தே போய் வரலாம். இன்னொன்று திருநெல்வேலிப் பக்கம். ஹாஸ்டலில் தங்க வேண்டும். ஆனால் அங்கே வளாகத்துக்குள்ளேயே ஆரம்பப் பள்ளி உண்டு. முதல் வருஷமே ஒன்றாம் வகுப்பில் நின்று பாடம் நடத்தலாம். எது நல்லது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் என் கஷ்டமே. இரண்டு இடத்திலும் ஒரே திங்கட்கிழமை அசல் சர்டிபிகேட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"நீங்களே சொல்லுங்கப்பா. எங்க சேரட்டும்?"

"நான் யாரு தாயி சொல்ல? டிக்கெட் கிழிக்கிறவன். ஆத்தாகிட்ட பூக்கட்டிக் கேட்டுருவோம்."

வழக்கம் உங்களுக்குத் தெரியும். இரண்டு பொட்டலம். வெள்ளைப் பூ வந்தால் மதுரை, சிவப்புப் பூ வந்தால் திருநெல்வேலி. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். அதுதான் ஆத்தா வாக்கு.

பொட்டலம் கட்டியது நான். ஆடி பிறப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, சாந்தி குளிக்கப் போன நேரத்தில் அடுப்படியில் உட்கார்ந்து கட்டினேன். இரண்டிலும் வெள்ளைப் பூவையே வைத்தேன். மல்லி வைத்தால் வாசனை காட்டிக் கொடுத்துவிடும் என்று நந்தியாவட்டையாகத் தேடி வைத்தேன். அந்த மூளையைப் படிப்பில் காட்டியிருந்தால் நான் கலெக்டர்.

அலங்காநல்லூர்ப் பக்கம் நம் கோயிலுக்குப் போனோம். வழக்கமான பூசாரிக்குக் காய்ச்சல். அவருடைய பங்காளி ஒருவர் வெளியூரிலிருந்து வந்து பூஜை செய்துகொண்டிருந்தார். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. "சரிப்பா, மதுரையே சேருறேன்" என்று சாந்தி கும்பிட்டாள். அவள் முகம் ஒரு விநாடி வாடியதை நான் பார்த்தேன். பார்க்காதது மாதிரி நின்றேன்.

அந்த மனுஷன் இரண்டாவது பொட்டலத்தையும் கையில் எடுத்தார்.

"அது எதுக்குண்ணே? அதான் உத்தரவு வந்துருச்சுல்ல" என்றேன்.

"எங்க ஊர்ல ரெண்டு பூவையும் ஆத்தா காலடியில வச்சிருவோம்ணே. ஒண்ணத் தூரப் போட்டா அவளுக்குக் கோவம் வரும்."

பிரித்தார். அதுவும் வெள்ளை.

"என்னண்ணே, ஆத்தாளுக்கு நீங்க வேற வழியே விடலையே!" என்று அவர் சிரித்தார். நான் சொல்கிற எதையும்விட நல்ல நக்கல் அது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சாந்தி அழவில்லை, சத்தம் போடவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள். "கேட்டிருந்தா இங்கயே இருந்திருப்பேனேப்பா."

ஞாயிற்றுக்கிழமை நானே அவளைத் திருநெல்வேலிப் பக்கம் கூட்டிப் போனேன். மறுநாள் சேர்த்தேன். ஹாஸ்டல் கேட்டில், "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக கடிச்சிராம பாத்துக்க தாயி" என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆடி போனது. ஆவணியும் போனது. கடுதாசி இல்லை. கை மறந்துபோய் இரண்டு பேருக்கு அரிசி போடும். மிச்சத்தை நானே மறுநாள் தின்பேன். தெருவெல்லாம் தறிச் சத்தம், என் வீட்டில் மட்டும் ஒரு சத்தமும் இருக்காது. நாலு கார்டு எழுதிப் போட்டேன். நாலிலும் நக்கல்தான். பதில் வரவில்லை. டிரைவரே கேட்டுவிட்டார், "என்ன மாப்ள, வாயில கொழுக்கட்டையா? பஸ்ஸு எளவு வீடு மாதிரி இருக்கு."

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு வேஷம் போடத் தெம்பில்லை. வாய்விட்டே சொன்னேன். "ஆத்தா, எம் மக எங்கிட்ட பேசணும். வீட்ல தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு." சொல்லிவிட்டு அழுதேன். நாற்பத்தைந்து வயசு ஆள், காக்கிச் சட்டையோடு.

அழுது முடித்த பிறகுதான் உறைத்தது. இந்த வார்த்தையை நான் என் மகளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. என் வாயில் அதை வரவழைத்தவள் ஆத்தாதான் என்று நம்புகிறேன். அன்றைக்கே அதை அப்படியே ஒரு கார்டில் எழுதினேன். நான் செய்தது தப்பு என்றும் எழுதினேன். நக்கல் எதுவும் சேர்க்கவில்லை. கையோடு தபால் பெட்டியில் போட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை இன்லண்டு லெட்டர் வந்தது.

"அப்பா, இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல. எனக்கும் இங்க தனியாத்தான் இருக்கு. உங்க கார்டு வந்த அன்னைக்குத்தான் மொத மொதல்ல கிளாஸ் எடுத்தேன். என்னையப் பாத்து அம்புட்டுப் பிள்ளைகளும் அழுதுருச்சுக. எப்படிச் சிரிக்க வைக்கிறதுன்னு தெரியல. பஸ்ஸுல நீங்க பண்ற கோணங்கித்தனத்துல ரெண்டு மூணு எழுதி அனுப்புங்க. கெட்ட வார்த்தை வேணாம். தீபாவளிக்கு வாரேன்."

வாசல்படியிலேயே உட்கார்ந்து ஏழெட்டுத் தடவை படித்தேன். மகள் பேச வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். என் கோணங்கித்தனத்துக்கும் சேர்த்து ஆத்தா ஒரு வேலை போட்டுக் கொடுத்தாள். இரண்டு வருஷம் வாரம் தவறாமல் எழுதினேன். கெட்ட வார்த்தை இல்லாமல் எழுதுவதுதான் சிரமமாக இருந்தது.

இப்போது சாந்தி அந்தப் பக்கமே ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது. ஆக, என் வீட்டில் இன்றைக்கும் நான் ஒருத்தன்தான். பொய் சொல்ல மாட்டேன், சில நாள் அந்தப் பழைய பயம் வரும். வந்தால், பயம் வந்திருக்கிறது என்று அவளுக்கு எழுதிவிடுவேன். எழுதினால் பாதி குறையும்.

உங்களில் யாருக்காவது இப்படி மனசில் கிடந்து அழுத்தினால், ஆத்தா முன்னால் வந்து உள்ளதைச் சொல்லுங்கள். அழகாகச் சொல்ல வேண்டியதில்லை. யாரும் துணைக்கு வரவில்லையே என்று கூச்சப்படவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை தோறும் காலை பூஜைக்குக் காக்கிச் சட்டையில் ஒருத்தன் தூண் ஓரமாக உட்கார்ந்திருப்பான். அவன் பக்கத்தில் எப்போதும் இடம் காலியாகத்தான் இருக்கும்.