பத்தொன்பது வீட்டுத் தண்ணீர்

ஜோர்டானின் அம்மான் நகரில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள்தான். மற்ற நாட்களுக்கு மாடித் தொட்டி. அதுவும் காலியானால் லாரி. அந்த லாரிக்கு ஆர்டர் எடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் ஒன்பது வருடமாகப் புரோகிராம் எழுதுகிறாள் ருதைனா. அவளுடைய அப்பாவே தண்ணீர் லாரி ஓட்டியவர். தண்ணீர் வராத வீட்டில் என்ன பேச்சு கிடைக்கும் என்பது அவளுக்குச் சின்ன வயதிலேயே அத்துப்படி.

ஆர்டர்கள் மூன்று ஊர்களில் இருக்கும் மூன்று சர்வர்களுக்குப் போகும். அதில் குறைந்தது இரண்டு 'வாங்கிக்கொண்டேன்' என்று பதில் சொன்னால்தான் ஆர்டர் நிலைக்கும். பழைய புரோகிராம் கோடில் ஒரு பதிலுக்குள் இன்னொரு பதில், அதற்குள் மற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். படிக்கிறவளுக்குத் தலை சுற்றும். நான்கு மாதம் முதலாளி அபூ கைஸைக் கரையாய்க் கரைத்து, டேட்டாபேஸோடு பேசும் டிரைவர் என்ற புரோகிராமின் மேல் ஒரு ப்ராமிஸ் லைப்ரரியைப் போர்த்தினாள். இப்போது எந்த வேலையைக் கொடுத்தாலும் 'பதில் பிறகு வரும்' என்று உடனே ஒரு டோக்கன் கைக்கு வரும். 'அவெய்ட்' என்று முன்னால் ஒரு சொல் எழுதினால், பதில் வரும்வரை புரோகிராம் நிற்கும். எழுதாவிட்டால் டோக்கனை வாங்கியதே போதுமென்று நடையைக் கட்டிவிடும்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு உம் யஸன் என்ற அம்மாள் போன் செய்தாள்.

"வீட்டுல சாவு விழுந்திருக்கு மகளே. சாயந்தரம் அஸர் தொழுகை முடிஞ்சதும் ஜனம் வந்துடும். காப்பி வைக்கக்கூடத் தண்ணி இல்ல. காலையிலேயே ஆர்டர் போட்டேன், போன்ல பச்சை டிக் காட்டிச்சே, லாரி எங்க?"

ருதைனா தேடினாள். ஆர்டரே இல்லை. காலை ஏழு மணிக்கு இரண்டு சர்வர்கள் பதினொரு நிமிடம் படுத்திருக்கின்றன. 'முடியாது' என்ற பதிலும் வந்திருக்கிறது. ஆனால் ஆர்டரைப் பதியும் வரியில் அவெய்ட் இல்லை. பதில் வருவதற்குள் புரோகிராம் டிக்கைக் காட்டிவிட்டது. அந்த வரியை எழுதியவள் அவளேதான்.

முதலில் உம் யஸன் வீட்டுக்கு ஒரு லாரியை விரட்டினாள். பிறகு வந்த கோரிக்கைகளையும் பதிவானவற்றையும் ஒத்துப் பார்த்தாள். இன்னும் பதினெட்டு வீடுகள். எல்லாரும் டிக்கை நம்பி நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

"யாராவது கேட்டா சர்வர் படுத்துடுச்சுன்னு சொல்லு. பொய்யும் இல்லையே" என்றார் அபூ கைஸ்.

"படுத்தது சர்வர். டிக் போட்டது என் கோடு. அவங்க கேக்குற வரைக்கும் காத்திருக்க முடியாது, அபூ கைஸ். நாமளே கூப்பிட்டுச் சொல்லணும்."

"தண்டோரா போடப் போறியா? போடு. நாளைக்கே உன் லைப்ரரியைத் தூக்கிடறேன். பழைய கோடு என்னிக்காவது பொய் சொல்லிச்சா?"

சொன்னதில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நான்கு மாத உழைப்பு போனால் போகட்டும் என்று போனை எடுத்தாள்.

பத்து வீடுகளுக்குப் பேசினாள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் அவளுடைய ஏழு தலைமுறையையும் இழுத்தார். பதினோராவது நம்பரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. ஸ்பீக்கரில் போட்டு முதலாளியிடம் நீட்டினாள்.

"உங்க வீடு. நீங்களே சொல்லுங்க, சர்வர்னு."

"யாரு, அபூ கைஸா?" என்றது வீட்டம்மா குரல். "லாரி வருதுன்னு இருந்த தண்ணியெல்லாம் ஊத்திப் படிக்கட்டைக் கழுவிட்டேன். எங்க வந்துக்கிட்டிருக்கு?"

அவர் பிடரியைச் சொறிந்தார்.

"லாரி கிளம்பவே இல்ல, உம் கைஸ். அந்த டிக் பொய். தப்பு எங்க பேர்லதான்."

அதற்கு அந்த அம்மாள் சொன்னதை ஆபீஸ் முழுக்கக் கேட்டது. இங்கே எழுதுவதற்கில்லை. போனை வைத்துவிட்டு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மீதி ஏழு பேரையும் இங்க குடு."

லைப்ரரியைப் பற்றி மூச்சு விடவில்லை. ருதைனா விட்டுப்போன அவெய்ட்டைப் போட்டாள். அப்படியே டேட்டாபேஸைத் தொடும் மற்ற இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.

மூன்றேகாலுக்கு லாரி போய்ச் சேர்ந்ததாக டிரைவர் சொன்னார். அவள் உம் யஸனைக் கூப்பிட்டாள்.

"வந்துடுச்சு மகளே. உன் கைக்கு ஒரு குறையும் வராது."

"குழாய்ல வருதா?"

"தொட்டிக்கு ஏத்திக்கிட்டிருக்கான். வரும்."

"போய்த் திறந்து பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. யாரோ ஓதுவது கேட்டது, கிண்ணங்கள் உரசின. ருதைனா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் குழாய் இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு பாத்திரத்தில் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே டிக் போட்டாள்.